ஊசி அண்ணனுக்கு அம்மை போட்டது

ஊசிக்குப் பயந்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஊசிக்குப் பயந்து பஸ்ஸையே கிளப்பிக்கொண்டு ஓடியவர் ஒருவர்தான். அவர் எங்கள் ரூமில் இருந்தார்.

பெங்களூரு வைட்ஃபீல்டில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்கள் நாங்கள். நாலு பேருக்கு ஒரு ரூம். அவரவர் ஊர்தான் அவரவர் பேர். ஒருவன் தேனி, ஒருவன் சேலம். நான் திருவண்ணாமலை, அது நீளம் என்று மலை ஆக்கிவிட்டார்கள். அவர் ஆம்பூர் பக்கம். ஆனால் ஆம்பூர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஊசி அண்ணன்தான். ஆள் நூறு கிலோ. மீசை மட்டுமே கால் கிலோ தேறும். பெல்ட்டில் கம்பெனி போட்ட ஓட்டை போதாமல் ஆணியைச் சுட்டு இன்னும் ரெண்டு போட்டிருப்பார். அந்த உடம்புக்கு அந்தப் பேர்.

பேர் வந்த கதை இது. டிரைவர்களுக்கு ரத்தம் எடுத்து சர்க்கரை பார்க்க வேண்டும் என்று கம்பெனி சொன்னது. பஸ் ஷெட்டில் இடம் இல்லை. அண்ணன் பஸ்ஸிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். லேப் பெண் ஒருத்தி ரெண்டாவது சீட்டில் ஊசி, பஞ்சு எல்லாம் பரப்பி உட்கார்ந்தாள். சேலத்துக்கு எடுத்தாயிற்று. அடுத்து அண்ணன். ஏறினார். ஊசியைப் பார்த்தார். டிரைவர் சீட்டைப் பார்த்தார். அது அவர் சீட். உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டார்.

எங்கே போவார்? வைட்ஃபீல்டில் எவன் தப்பித்து ஓட முடியும்? மெட்ரோ பாலத்துக்குக் கீழே முதல் சிக்னலிலேயே வண்டி நின்றுவிட்டது. முன்னால் நூறு கார். பின்னால் நூறு கார். லேப் பெண் பின்னாலிருந்து மெல்ல எழுந்து வந்தாள்.

"சார், வண்டி நிக்குது. இப்ப எடுத்துக்கலாமா?"

அண்ணன் கதவைத் திறந்து குதித்துவிட்டார். சிக்னலில் டிரைவர் இல்லாத பஸ். ரத்தம் கொடுத்த கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு, மிச்சக் கையால் சேலம்தான் ஓட்டி வந்தான். மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணன் சொன்னது, "பிரேக் செக் பண்ணேன் சார்."

அதற்குப் பிறகு அவரை வேறு பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

அவருக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு அதைப் பரிமாறுவார்.

"தோலு இன்னான்றே? பஸ் டயரு மாதிரி. ஒருவாட்டி பஞ்சர் ஆச்சுன்னா அப்புறம் ஒட்டுதான். ஒரிஜினல் வராது."

"அப்ப காத்து எப்படிங்ண்ணா புடிக்கறது?" என்பான் சேலம்.

"நக்கலு? பாரு, நாப்பது வயசு ஆவுது எனக்கு. ஒரு ஊசி ஏறுனதில்ல. ஒரு நோவு வந்துக்குதா?"

போனில் ஒரு குரல் பதிவு வைத்திருந்தார். யாரோ ஒரு டாக்டராம். தடுப்பூசி எல்லாம் வியாபாரம், உடம்பைக் கெடுக்க வெளிநாட்டுக்காரன் செய்கிற வேலை என்று மூச்சு விடாமல் பேசும் அந்தக் குரல்.

"எந்த ஊரு டாக்டருண்ணே?" என்று தேனி கேட்டான்.

"பேரு, ஊரு சொல்ல மாட்டாரு. சொன்னா புடிச்சினு போயிடுவாங்க."

இதுவரைக்கும் சிரிப்புதான். ஊரில் அவருக்குச் சம்சாரமும் ரெண்டு வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். குழந்தைக்கும் ஊசி கூடாது என்று போனிலேயே உத்தரவு போட்டிருந்தார். அதைக் கேட்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. அடுத்தவர் வீட்டு விஷயம் என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

எங்கள் ரூம் இருந்த வரிசையில் சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகள் நாலைந்து. பக்கத்தில் கட்டட வேலைக்காரர்களின் தகர ஷெட்டில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை என்று பேச்சு வந்தது. சுகாதார நிலையத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கன்னடக்காரர். தோளில் நீலப் பெட்டி. தேனி அதைக் குல்ஃபி என்று நினைத்து விலை கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஐஸ்பெட்டி அக்கா.

பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு எங்கள் வாசலுக்கும் வந்தார். "நிமகெல்லா சின்ன வயசுல அம்மை வந்திருக்கா? ஊசி போட்டிருக்கா?"

எனக்கு மணல்வாரி வந்துபோனது, தட்டம்மைக்கு எங்கள் ஊர்ப் பேர். அம்மா சொல்லியிருக்கிறாள். தேனிக்கு ரெண்டு தடவையும் போட்டதாக ஞாபகம். சேலத்துக்குத் தெரியவில்லை. தெரியாதவர்கள் சென்டருக்கு வந்து டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார் அக்கா. நாங்கள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். ஆளில்லை. பாத்ரூமில் தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

அக்கா விடவில்லை. பாத்ரூம் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணா, பெரியவங்களுக்கு வந்தா ஜாஸ்தி கஷ்டண்ணா. நெஞ்சுக்குப் போகுது. சில பேருக்குத் தலைக்குப் போகுது."

உள்ளேயிருந்து குரல். "அது கொழந்தைங்களுக்கு ஆத்தா வந்து வெளையாடறது. ஆத்தாளுக்கு எதிரா ஊசியா? தப்பும்மா."

"எங்க வீட்லயும் மாரம்மாதான் அண்ணா. ஹப்பா, திருவிழாவுக்கு ஆடு வெட்றோம். ஊசியும் போடறோம். மாரம்மா பேடா, வேண்டாம்னு சொல்லலையே?"

உள்ளே கொஞ்ச நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். பிறகு, "எனக்கு வயித்தால போவுது. அப்புறம் வாம்மா."

சேலத்துக்கு உண்மையாகவே பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அவன் குதித்துக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் கிளம்பினார். சேலம் மறுநாளே சென்டரில் போட்டுக்கொண்டு வந்தான். அண்ணன் அவன் கையைத் தடவிப் பார்த்து, "ஒட்டுப் போட்ட டயரு" என்றார்.

ரெண்டு வாரம் போயிருக்கும். அண்ணனுக்கு ஜுரம். இன்ஜின் சூடு என்றார். இருமல். மூக்கு ஒழுகியது. கண் ரெண்டும் மிளகாய்ப் பழம். வெளிச்சம் பார்க்க முடியாமல் கறுப்புக் கண்ணாடி போட்டு வண்டி ஓட்டினார். வண்டியில் வந்த ஐடி பிள்ளைகள் அவரை ஹீரோ என்றார்கள். மறுநாள் காதுக்குப் பின்னால் செம்மணல் தூவியது போல் இருந்தது. சாயந்திரத்துக்குள் முகம், கழுத்து, நெஞ்சு.

"வெயில் கொப்புளம்" என்றார் அண்ணன்.

"அம்மைண்ணே" என்றான் தேனி. சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தான்.

இங்கேதான் நாங்கள் தப்புப் பண்ணினோம். ஊருக்கு ஒரு முறை உண்டு. நாலு பேரும் நாலு ஊர். சேலம், சவரம் கூடாது என்றான். நான், வெளியே போய் வந்தால் கால் கழுவ வேண்டும் என்றேன். தாளிக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்று. கடுகு இல்லாத ரசத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். எல்லாவற்றுக்கும் மேலே தேனி ஒரு முறை சொன்னான்.

"பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாதுண்ணே. உள்ள இருக்கறது ஆத்தா. ஆத்தான்னுதான் சொல்லணும். ஆத்தா கேட்டதக் கொடுக்கணும். சொன்னதத் தட்டக் கூடாது."

அப்படியே செய்தோம். நூறு கிலோ உடம்பு, கால் கிலோ மீசை. அதன் முன்னால் மூன்று தடியன்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

"ஆத்தா, இளநி குடிக்கிறீங்களா?"

"வழுக்கையா இருக்கட்டும்."

"ஆத்தா, வேற என்னங்க வேணும்?"

"ஆத்தாளுக்கு நுங்கு வேணும். அப்புறம் என் டூட்டியச் சேலம் பாக்கணும். ஆத்தா உத்தரவு."

வேப்பிலைக்கு நான் பெரிய அபார்ட்மெண்ட் ஒன்றின் வாசலில் நின்றேன். உள்ளே வரிசையாக வேப்பமரம். செக்யூரிட்டி, யாராவது வீட்டுக்காரர் போனுக்கு ஓடிபி வந்தால்தான் விடுவேன் என்றான். எனக்கு யார் ஓடிபி தருவார்? மரமா? கடைசியில் அவனே பாவப்பட்டு ஒரு கிளையை ஒடித்து கேட்டுக்கு மேலே போட்டான்.

இரண்டு நாள் ஆத்தா எங்களை நன்றாக ஆட்டிவைத்தாள். பிறகு கேட்பது குறைந்தது. இளநி அப்படியே இருந்தது. அண்ணன் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. "தண்ணி" என்பார். நிறுத்துவார். நெஞ்சு ஏறி இறங்கும். "குடு" என்பார். விலா எலும்பு உள்ளே இழுத்தது. அந்த உடம்பில் விலா எலும்பு இருப்பதையே நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற உதடு மாதிரி இருந்தது.

ஐஸ்பெட்டி அக்காவுக்குப் போன் போட்டேன். ஓடி வந்தார். வாசலில் நின்று பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"ஈவாகலே ஆஸ்பத்திரி. ஒரு நிமிஷம் தாமதம் பேடா. நெஞ்சுக்குப் போயிடுச்சு."

அண்ணன் கண்ணைத் திறந்தார். "ஆத்தா" என்றார். மூச்சு. "வர மாட்டா." மூச்சு. "ஊசி ஆவாது."

தேனி பின்வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டான். "ஆத்தா வாக்கு சொல்லிட்டாண்ணே. இப்பத் தூக்குனா குத்தமாயிரும். எனக்கும் ஊர்ல பிள்ளைக இருக்கு."

"அதுக்குன்னு உட்டுட முடியுங்களா?" என்றான் சேலம். ஆனால் அவனும் கிட்டே போகவில்லை.

நாங்கள் கும்பிட்டுக் கும்பிட்டு ஆக்கிய ஆத்தா. இப்போது அவள் சொன்னால் யார் தட்டுவது? அண்ணன் நெஞ்சில் சத்தம் கேட்டது. பழைய டீசல் இன்ஜின் ஏற்றத்தில் திணறுகிற சத்தம். அது நின்றுவிடுமோ என்று காதை அங்கேயே வைத்திருந்தேன்.

"ஆத்தாவ அனுப்பிடலாம்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை வழியனுப்புவார்கள். அதற்கு அப்புறம் உள்ளே இருப்பது வெறும் ஆள்தான்.

"இன்னும் எறங்கலையேண்ணே" என்றான் தேனி.

"கேட்டுப் பாப்போம். பெத்தவதான. புரியும்."

குளிக்க வைக்கிற நிலையில் அவர் இல்லை. மஞ்சள் தண்ணீரில் வேப்பிலையை நனைத்து உச்சந்தலையில் ஒரே ஒரு தெளிப்பு. தேனிதான் கற்பூரம் ஏற்றினான். பல குச்சிகள் அணைந்து வீணாயின. ஐஸ்பெட்டி அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"தாயி, ஹோகி பா" என்று கும்பிட்டார்.

"என்ன சொல்றாங்க?" என்றான் சேலம்.

"போய்ட்டு வான்னு சொல்றாங்க."

"ஐயோ, வா வேண்டாமுங்க. போன்னு மட்டும் சொல்லுங்க."

கற்பூரம் அணைந்தது. நான் தேனியைக் கேட்டேன். "இப்ப உள்ள இருக்கறது யாரு?"

அவன் குனிந்து அண்ணன் முகத்தைப் பார்த்தான். "ஊசி அண்ணன்."

"அப்பத் தூக்கு."

தூக்கினோம். அண்ணன் மூன்று மூச்சில் ஒரு வார்த்தை சொன்னார். "துரோ... கி... ங்களா."

என் பஸ் வெளியே நின்றிருந்தது. அக்கா முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அம்மை கேஸ், தனி வழி வேண்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணனை முதல் சீட்டில் சாய்த்தோம். சேலம் பிடித்துக்கொண்டான். நான் ஓட்டினேன். வழக்கமான நெரிசல். அண்ணனுக்கு அடுத்தவன் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. "செகண்ட்" என்றார். போட்டேன். கொஞ்ச தூரம் போய், "லெப்ட்ல ஆட்டோ" என்றார். ஒதுங்கினேன். பிறகு சத்தம் இல்லை. அடுத்த சிக்னலில் வேண்டுமென்றே தப்பான லேனில் கொண்டுபோய் நிறுத்தினேன். எந்த டிரைவரும் பண்ணாத தப்பு. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

திட்டவில்லை.

ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் போனேன்.

பக்க வாசலில் மாஸ்க் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டரம்மா சின்ன வயது. நெஞ்சில் வைத்துக் கேட்டார். நிமோனியா என்றார். ரெண்டு பக்கமும். வளர்ந்தவர்களுக்குத் தட்டம்மை வந்தால் இப்படியும் ஆகும் என்றார். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். பெரிய ஊசி. நான் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷம் ஓடியவருக்கு அது ஏறியது தெரியவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எனக்கு முன்பே வந்துபோனது என்பதால் உள்ளே இருக்க என்னை மட்டும் விட்டார்கள். ரூமில் மற்ற ரெண்டு பேரும் காலையில் எழுந்ததும் போன் டார்ச் அடித்து ஒருவன் காதுக்குப் பின்னால் ஒருவன் பார்ப்பார்களாம். பஸ்ஸில் வந்தவர்களுக்கெல்லாம் கம்பெனி போன் பண்ணிச் சொன்னது. அதில் ஒரு மேடம் மாசமாக இருந்தார். சின்ன வயதிலேயே ஊசி போட்டிருந்தாராம். யாருக்கும் வரவில்லை.

அண்ணனுக்குப் பேச்சு குழறியது. மூளைக்கும் போயிருக்கிறதா பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இன்றைக்கு என்ன கிழமை, முதலமைச்சர் யார் என்று கேட்டார். நல்லா இருக்கும்போதே அண்ணனுக்கு அதெல்லாம் தெரியாது. நான் கேட்கிறேன் என்றேன்.

"அண்ணா, காடுகோடிக்கு அடுத்த ஸ்டாப்பு?"

"ஹோப் ஃபார்ம்."

"அதுக்கு அடுத்தது?"

ரொம்ப நேரம் யோசித்தார். அவர் தினமும் ஓட்டிய ரூட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"ஆம்பூர்" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் ஸ்கேனுக்கு எழுதினார்.

ஸ்கேனில் ஒன்றும் பெரிதாக இல்லை, பொறுத்திருந்து பார்க்கலாம் என்றார்கள். பொறுத்திருந்தேன். வாசலில் இருந்த டீக்கடைக்காரர் நான் போனாலே டீயை வைத்துவிடுவார், எதுவும் கேட்க மாட்டார். முகத்திலேயே தெரிந்திருக்கும். தினமும் அண்ணனிடம் அதே கேள்வியைக் கேட்பேன். ஒரு நாள் ஆம்பூர். ஒரு நாள் பதிலே இல்லை. ஒரு காலையில் நான் கேட்கவே இல்லை. நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

"வர்த்தூர் கோடிடா முட்டாளு" என்று கேட்டது. "தெனம் ஓட்டுற ரூட்டு. தெனம் என்னக் கேக்கறே."

எழுந்து வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

முதல் வேலையாகப் போன் கேட்டார். ஊருக்குப் போட்டார். இடது காதில் வைத்தார். எடுத்துப் போனையே பார்த்தார். மறுபடி வைத்தார். "ஒண்ணும் கேக்கல. அடைச்ச மாதிரி கீது. நீ பேசு."

"என்ன சொல்லணும்?"

மேலே ஃபேனைப் பார்த்தார். "பாப்பாவுக்கு ஊசி போட்டுடச் சொல்லு. இன்னிக்கே. நான் சொன்னேன்னு சொல்லு."

சொன்னேன். அண்ணன் சம்சாரம் அழுதுகொண்டே பேசியது.

"அண்ணா, போட்டாச்சுண்ணா. ஒம்பதாம் மாசமே போட்டுட்டேன். அப்புறம் ரெண்டாவதும் ஆச்சு. காச்சல் வந்துச்சு, பல்லு மொளைக்குதுன்னு அவருகிட்ட சொன்னேன். நம்பிட்டாரு. இப்பச் சொல்லாதீங்கண்ணா. ஒடம்பு தேறட்டும்."

அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாடா சொல்றா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "போட்டாச்சாம்."

"எனக்குத் தெரியாமயா?"

"ம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. மூச்சுதான் மறுபடி திணறுகிறது என்று நர்ஸைக் கூப்பிட ஓடினேன். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் அழுதுகொண்டிருந்தார். நடுநடுவே சிரிப்பும் வந்தது. சிரித்தால் இருமல் வந்தது.

"நல்ல வேள" என்றார். "அவளாவது என் பேச்சக் கேக்கல."

பிழைத்துக்கொண்டார். எடை எழுபதுக்கு வந்துவிட்டது. ஆணியில் போட்ட ஓட்டைகளுக்கு வேலையில்லை. இடது காது மட்டும் திரும்பவில்லை. அம்மை காதுக்கும் போயிருக்கிறது என்றார்கள். பஸ் ஓட்டக் கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஷெட்டில் வண்டி கழுவுகிற இடத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை வந்துவிட்டால் இனித் தட்டம்மைக்கு ஊசி வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொன்னதை ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிகிறார். "பாத்தியா, கடேசி வரைக்கும் நான் போட்டுக்கவே இல்ல." ஆனால் ஷெட்டுக்குப் புது டிரைவர் எவன் வந்தாலும் முதல் கேள்வி, "சின்ன வயசுல போட்டியா?" தெரியாது என்றால் போச்சு. சட்டைக் காலரைப் பிடித்து சென்டருக்குக் கூட்டிப்போய் ஐஸ்பெட்டி அக்காவிடம் ஒப்படைப்பார். உள்ளே மட்டும் வர மாட்டார். வாசலில் திரும்பி நின்றுகொள்வார்.

டூட்டி முடிந்தால் ஷெட்டில் அவரோடு கொஞ்ச நேரம் உட்காருவேன். எங்கே இடம் இருந்தாலும் சுற்றிப் போய் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவேன். நான் பேசுவது குறைவு. அந்தக் கொஞ்சமும் அவர் காதில் விழட்டும் என்றுதான்.